சாலையோரத்துப் பழங்கல் ஒன்றைப் படித்துப் பதிவு செய்வது எப்படி?

ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கத்துக்குப் பேருந்தில் போகிறவர் சன்னலோரம் உட்கார்ந்து கவனித்தால், புளியமரத்தடியிலும் வயல் வரப்பிலும் மஞ்சளும் குங்குமமும் பூசிய பலகைக் கற்கள் சில கண்ணில் படும். சில கற்களில் வில்லேந்திய வீரன் ஒருவன் தெரிவான். சிலவற்றில் எழுத்து மட்டும் இருக்கும். சில வெறுங்கல்லைப் போலவே நிற்கும். தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்திலும், வகை மாறினாலும், இப்படிப்பட்ட கற்களைக் காணலாம். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது என்ன, யாருக்காக நடப்பட்டது, எந்தக் காலத்தது என்று முறையாகப் பதிவு செய்வதற்கான வழியை, இதற்கு முன் கல்வெட்டுப் பக்கமே போகாதவர்களுக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஒரு கைப்பேசி, அளவு நாடா, கோடு போடாத குறிப்பேடு, பென்சில், கைவிளக்கு, ஒரு குடம் தண்ணீர், மென்மையான தேங்காய் நார்த் தூரிகை ஆகியவை போதும். இவற்றைவிட முக்கியமாக, கண்டதையும் கருதியதையும் கலக்காமல் எழுதும் பழக்கம் வேண்டும். குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் கல்லில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். அதைப் பற்றி நீங்கள் நினைப்பதையும் ஊரார் சொல்வதையும் வலப்பக்கத்தில் எழுதுங்கள். இந்த ஒரு பிரிவினையைக் கடைசிவரை விடாமல் கடைப்பிடித்தால், உங்கள் வாசிப்பு தவறாகவே இருந்தாலும் உங்கள் பதிவு பயன்படும்.

முதல் படி: கல்லின் வகையை அடையாளம் காணுதல்

வகை தெரிந்தால் எதைத் தேடுவது என்பது தெரியும். வழியில் தூரம் காட்டும் கல்லிலிருந்து தொடங்கலாம். தருமபுரிப் பகுதியில் கிடைத்த ‘அதியமான் பெருவழி’ கல் ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாவற்தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று அது சொல்கிறது. எழுத்துடன் நில்லாமல், இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் அக்கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. எழுத்தறியாத வழிப்போக்கரும் எண்ணிப் பார்த்துத் தூரத்தைத் தெரிந்துகொள்ளட்டும் என்ற ஏற்பாடு அது. ஆகையால் பழங்கல்லில் வரிசையாகக் குழிகளைக் கண்டால், பல்லாங்குழி என்று கடந்து போகாமல், அளவு வேறுபாடு உண்டா என்று பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் கால மைல்கற்களில் ரோமன் எண்ணும் தமிழ் எண்ணும் அருகருகே இருப்பதுண்டு. சாலையோரத்தில் ‘ஜி.டி.எஸ்.’ என்ற ஆங்கில எழுத்துகளோடு சிறு கல் தென்பட்டால், அது தூரம் காட்டுவதன்று. 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோட்டை, அதாவது அளவைக்கு அடிப்படையான நேர்க்கோட்டை, அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவைப் பணியின் வழிவந்த, நிலத்தின் உயரத்தைக் குறிக்கும் கல்.

சுமைதாங்கிக் கல்லை அடையாளம் காண்பது எளிது. இரண்டு கற்களைச் செங்குத்தாக நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடையாக வைத்திருப்பார்கள். தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கவும் ஏற்றவும் ஏற்ற உயரத்தில் அது இருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்கி வைக்காத சுமைக்கு ஈடாக அதை நாட்டுவது வழக்கம். கிடைக்கல்லின் முகப்பில் அப்பெண்ணின் பெயரும் நாட்டியவரின் பெயரும் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கக்கூடும். சாலையோரக் கற்களில் ஒரு சாதாரணக் குடும்பத்துப் பெண்ணின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் இந்த வகையில்தான். அப்படியிருந்தும் கோயில் கல்வெட்டைப் படிக்கிறவர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

நடுகல்லுக்கு வருவோம். ஆநிரை கவர்ந்தபோதோ மீட்டபோதோ, புலியை எதிர்த்தோ, ஊரைக் காத்தோ இறந்தவனுக்கு எடுத்த கல் இது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் இதை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள்; கொங்குப் பகுதியில் புலியோடு பொருதவனின் கல்லைப் புலிக்குத்திக் கல் என்பார்கள். வீரன் எந்தப் பக்கம் நோக்கி நிற்கிறான், கையில் வில்லா வாளா, உடலில் அம்பு தைத்திருக்கிறதா, காலடியில் மாடோ வேறு விலங்கோ பாத்திரமோ உண்டா, பக்கத்தில் கையை உயர்த்திய பெண் உருவம் உண்டா என்பவற்றை இடப்பக்கத்தில் எழுதுங்கள். பெண் உருவம் இருந்தால் அவளும் உடன்கட்டை ஏறியிருக்கலாம் என்பது வலப்பக்கத்துச் செய்தி.

உருவத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்தனூர் நடுகல் நல்ல பாடம். திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த இக்கல்லில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. எழுத்து அழிந்து போயிருந்தால், வேட்டைக்குப் போனவனும் அவனுடைய நாயும் என்றே எல்லோரும் எழுதியிருப்போம். நல்ல வேளையாக எழுத்து இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவகத்தி என்பவன் இறந்தான் என்றும், கோவிவன் என்ற நாய் கள்ளர் இருவரைக் கடித்து அங்கேயே காத்திருந்தது என்றும் அது சொல்கிறது. நாய்க்கும் பெயர் எழுதி வைத்த கல் அது.

மறுதலையாக, உருவமே இல்லாத கல்லையும் தள்ளிவிடக் கூடாது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் கண்டறிந்த மூன்று நடுகற்களிலும் வீரன் உருவம் கிடையாது. தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழி எழுத்துகள் மட்டுமே உண்டு. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த அந்தவனின் கல் என்கிறது. சங்கப் பாடல்கள் பேசும் நடுகல்லுக்கு நேர்ச் சான்றாக வந்து நின்றவை உருவமற்ற இந்தக் கற்களே.

எல்லைக் கற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திரிசூலம் பொறித்திருந்தால் சிவன் கோயில் நிலத்தின் எல்லை. சக்கரமோ, குடையேந்திய வாமனனோ இருந்தால் பெருமாள் கோயில் நிலத்தின் எல்லை. இவையன்றி, முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று ஆங்கிலத்தில் சொல்லும் சலவைக்கல் பலகைகளும் பழைய கடைத்தெருக்களில் உண்டு. வேலூர் மணிக்கூண்டில் இருப்பது அந்த வகை. இவற்றில் பெரும்பாலும் எண்ணிக்கைதான் இருக்கும், பெயர்கள் இரா. பெயர்களைத் தேடுவது தனி வேலை.

இரண்டாம் படி: அனுமதியும் நடத்தையும்

கல் வழிபாட்டில் இருந்தால், பூசை செய்கிறவரிடமோ அந்தக் குலத்துப் பெரியவரிடமோ கேட்டுவிட்டுத்தான் அருகில் போக வேண்டும். காலணியைக் கழற்றி வையுங்கள். படிந்திருக்கும் எண்ணெயையும் மஞ்சளையும் சுரண்டாதீர்கள். திருவிழாவுக்கு முன் அவர்களே கழுவி அலங்கரிக்கும் நாளைக் கேட்டு, அன்று போனால் எழுத்துகள் தாமாகவே தெரியும். கல்லைச் சுற்றித் தோண்டுவது, நிமிர்த்தி வைப்பது, ‘பாதுகாப்பாக’ வேறிடத்துக்கு நகர்த்துவது ஆகிய மூன்றும் கூடவே கூடாது. நின்ற இடத்தை இழந்த நடுகல் எந்த வழியில், எந்தப் பூசல் நடந்த வெளியில் நின்றது என்பதை அதன்பின் எவராலும் சொல்ல முடியாது.

மூன்றாம் படி: இடத்தைப் பதிவு செய்தல்

எழுத்தைப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டு, முதலில் கல்லிலிருந்து முப்பது அடி பின்வாங்கி நில்லுங்கள். கைப்பேசியில் அகலாங்கு நெட்டாங்கை ஐந்து தசம இலக்கம் வரை குறித்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தாமல், எளிதில் மாறாத இரண்டு அடையாளங்களிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் எழுதுங்கள். ஏரிமதகு, கோயில் கோபுரம், பாறை போன்றவை நல்ல அடையாளங்கள். நெடுஞ்சாலையின் மஞ்சள் தலைக் கிலோமீட்டர் கல் நல்ல அடையாளமன்று. சாலை அகலமாகும்போது முதலில் இடம் மாறுவது அதுதான்.

கல்லின் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது, பழைய வண்டிப்பாதை எந்தப் பக்கம் போயிற்று, அருகில் ஏரியோ ஆறோ கணவாயோ உண்டா என்பவற்றையும் எழுதுங்கள். இன்றைய தார்ச்சாலைக்கு முதுகு காட்டி நிற்கும் கல், பழைய பாதை மறுபக்கம் போனதைக் காட்டக்கூடும். பிறகு தரைக்கு மேலுள்ள உயரம், அகலம், கனம், எழுத்தின் உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் அளந்து, ஒரு சிறு படத்தைக் கையால் வரையுங்கள். வரையத் தெரியாது என்று தயங்க வேண்டாம். படம் பிடிக்கும் கருவி பார்க்காமல் விடும் கீறலைப் பென்சில் பிடித்த கை கவனிக்கும்.

நான்காம் படி: வெளிச்சமும் படமும்

தொடக்கநிலையாளர் பெரும்பாலும் தோற்கும் இடம் இது. நண்பகல் வெயிலில் எடுத்த படத்தில் எந்த எழுத்தும் தெரியாது, ஏனெனில் நேர் மேலிருந்து விழும் ஒளி பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றாக்கிவிடும். ஒளி பக்கவாட்டில், கல்லின் முகத்தைத் தழுவிக்கொண்டு போக வேண்டும். கிழக்கு நோக்கிய கல்லுக்கு வெயில் பக்கம் மாறும் முற்பகல் பிற்பாதியும், தெற்கு நோக்கிய கல்லுக்குக் காலையும் மாலையும் பொருந்தும். வடக்கு நோக்கிய கல்லுக்குப் பல மாதங்கள் நேர் வெயிலே கிடைக்காது. அப்போது முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வெயிலில் பிடித்து, ஒளியைச் சாய்வாகக் கல்லின்மேல் திருப்புங்கள். எல்லாவற்றையும்விட எளிய வழி, இருட்டிய பின் போய்க் கைவிளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கங்களிலிருந்தும் பிடித்து நான்கு படங்கள் எடுப்பது. ஒரு படத்தில் மறைந்த கோடு மற்றொன்றில் எழும்.

எழுத்துக்குள் சுண்ணக்கட்டியையோ மாவையோ நிரப்பாதீர்கள். நான் பழகத் தொடங்கிய நாளில் ஒரு சுமைதாங்கிக் கல்லின் எழுத்துகளை வெள்ளைச் சுண்ணக்கட்டியால் எடுப்பாக்கிப் படம் பிடித்து, மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். பிறகு ஒரு மூத்தவர் அதைப் பார்த்துவிட்டு, “இது கல்லின் எழுத்தா, உங்கள் எழுத்தா?” என்று கேட்டார். நான் ‘ள’ என்று நினைத்த இடத்தில் ‘ள’ வரைந்திருந்தேன். படத்தில் கல் இல்லை, என் ஊகம்தான் இருந்தது. தண்ணீர் தெளித்து, நார்த் தூரிகையால் மெல்லத் துடைத்து, ஈரம் காயும் நேரத்தில் பாருங்கள்; பள்ளத்தில் ஈரம் நெடுநேரம் தங்குவதால் எழுத்து கருத்துத் தெரியும். சோப்பு, அமிலம், இரும்புக் கம்பித் தூரிகை எதுவும் வேண்டாம்.

துறையினர் எடுக்கும் மைப்படியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஈரத் தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால், கருப்பில் வெள்ளை எழுத்தாகப் படி கிடைக்கும். அதை ஒருவர் அருகில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். தாள் கிழிந்தால் மை கல்லுக்குப் போய்விடும். ஆகவே முதல் கல்லிலேயே முயலாதீர்கள்.

ஐந்தாம் படி: எழுத்தைப் பெயர்த்தெழுதுதல்

வீட்டில் அமர்ந்து, படங்களைப் பெரிதாக்கி, கல்லில் வரி எங்கே முடிகிறதோ அங்கேயே உங்கள் வரியையும் முடித்து எழுதுங்கள். சொல் பாதியில் உடைந்தாலும் சேர்க்க வேண்டாம். ஐயமான எழுத்தை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். சிதைந்த எழுத்துக்கு, எத்தனை எழுத்து இருந்திருக்கும் என்று கணித்து அத்தனை புள்ளி வையுங்கள்.

பழைய கல்லெழுத்தைப் படிக்கிறவரைக் குழப்பும் சில செய்திகளை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. ஆகவே ‘கல’ என்று தெரிவது ‘கல்’ ஆக இருக்கும். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் வரும். ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் தோன்றும். சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. செங்கம் வட்டார நடுகற்கள் பலவற்றில் உள்ளதுபோல் எழுத்து வளைந்து வளைந்து ஓடினால் அது வட்டெழுத்து. அதைத் தனியே கற்றுக்கொள்ளும்வரை படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அதில் குறைவு ஒன்றுமில்லை. தமிழ் எழுத்தாக இருந்தால், தொடக்கத்தில் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’, இடையில் ‘யாண்டு’, ‘ஆவது’, முடிவில் ‘பட்டான்’ (இறந்தான்), ‘கல்’ போன்ற அடிக்கடி வரும் சொற்களை முதலில் தேடிப் பிடித்து, அவற்றிலிருந்து அந்தக் கல்வெட்டியவரின் எழுத்து வடிவைப் பழகிக்கொண்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

தமிழ் எண்களும் எழுத்துகளைப் போலவே தோன்றும். ௧ என்பது ககரம் போலவும், ௨ உகரம் போலவும், ௭ எகரம் போலவும், ௮ அகரம் போலவும் இருக்கும். பழைய முறையில் சுழியம் இல்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் உண்டு. எனவே 29 என்பதை ௨௰௯ என்று எழுதுவார்கள். நடுவில் நிற்கும் ௰-ஐ யகரம் என்று படித்துத் திண்டாடாதவர் யாருமில்லை. பிற்காலக் கற்களில் ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்ற குறிகளும் வரும்.

ஆறாம் படி: காலத்தைக் கணித்தல்

கல்லில் சகம் அல்லது சாலிவாகன சகாப்தம் என்றிருந்தால், இன்றைய ஆங்கில ஆண்டைப் பெற அந்த எண்ணோடு 78-ஐக் கூட்டுங்கள். மாதம் தை, மாசி, பங்குனியாக இருந்தால் பெரும்பாலும் 79. கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்துக் கற்களில் வரும் கொல்லம் ஆண்டோடு 824 கூட்ட வேண்டும், சனவரி முதலான மாதமாக இருந்தால் 825. வருவாய்க் கணக்கு ஆண்டான பசலி என்றிருந்தால் 590. அது சூலையில் தொடங்குவதால், சனவரி முதல் சூன் வரை 591.

இவை எதுவுமின்றி, வெறுமே ‘குரோதி ௵ தை ௴’ என்றிருந்தால் கணக்கு சற்றுச் சிக்கலாகும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் குரோதி 2024-இல் வந்தது. அதற்கு முன் 1964, 1904, 1844, 1784 என்று அறுபது அறுபதாகப் பின்னோக்கிப் போகலாம். ஆண்டு சித்திரையில் பிறப்பதால், 1904-இல் தொடங்கிய குரோதியின் தை மாதம் 1905-ஆம் ஆண்டு சனவரியில் வரும். எந்தச் சுழற்சி என்பதை எழுத்தின் வடிவம், புள்ளி வைத்திருக்கிறார்களா இல்லையா என்பது, பெயரிலுள்ள பட்டங்கள், குடும்பத்தாரின் தலைமுறைக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டு நெருங்கலாம். ஒன்றை உறுதியாகத் தேர்ந்தெடுக்க முடியாவிட்டால் இரண்டையும் எழுதி, ஏன் என்று வலப்பக்கத்தில் காரணம் சொல்லுங்கள்.

அரசனின் ஆட்சியாண்டு மட்டும் இருந்தால், ‘கோவிசைய’ என்று தொடங்கும் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவன் எந்தப் பல்லவன், எப்போது முடிசூடினான் என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. அதேபோல், காதத்தைக் கிலோமீட்டராக மாற்றிப் போட வேண்டாம். அது இடத்துக்கு இடம் மாறிய அளவு.

ஏழாம் படி: ஊராரைக் கேட்டல்

கல்லருகே ஆடு மேய்ப்பவரிடம், “இது நடுகல்தானே தாத்தா?” என்று கேட்டால், “ஆமாப்பா” என்ற பதில் வரும்; உங்கள் சொல்லைத்தான் அவர் திருப்பித் தந்திருப்பார். “இந்தச் சாமிக்கு என்ன பேரு தாத்தா? யாரு கும்பிடுறாங்க? என்னைக்குப் பொங்கல் வைப்பாங்க?” என்று கேளுங்கள். கல்லில் இல்லாத செய்திகள் அப்போதுதான் வரும்: முன்பு எந்த மரத்தடியில் இருந்தது, சாலை போட்டபோது யார் நகர்த்தினார்கள், மாட்டுப் பொங்கலன்று எந்த வீட்டு மாடு முதலில் வர வேண்டும் என்பவை. அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே, நாளும் இடமும் குறித்து, அனுமதி பெற்று எழுதுங்கள்.

ஒரே வீரனை இரண்டு குலத்தார் தங்கள் முன்னோர் என்று சொல்வது மிகவும் இயல்பு. இரண்டையும் எழுதுங்கள், தீர்ப்பு சொல்வது உங்கள் வேலையன்று. சாதிப் பெருமைக்குச் சான்று தேடிக் கல்லைப் படிக்கிறவர்கள், இல்லாத எழுத்தையும் படித்துவிடுவார்கள். கதையும் கல்வெட்டும் முரண்பட்டால், கல்வெட்டுதான் உண்மை என்று ஊராரிடம் வாதாடவும் வேண்டாம். ஒன்று அன்று எழுதியது, மற்றொன்று இன்றுவரை சொல்லப்படுவது. இரண்டும் அந்த ஊரின் வரலாற்றைச் சேர்ந்தவையே.

எட்டாம் படி: ஏற்கெனவே பதிவானதா என்று பார்த்து, அறிக்கை அனுப்புதல்

உங்கள் கல் புதிய கண்டுபிடிப்பு என்று அறிவிக்கும் முன், 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள், தமிழ்நாடு தொல்லியல் துறையின் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகள், தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ ஆண்டிதழ் ஆகியவற்றில் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். பழைய நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். ஊர்ப் பெயரின் எழுத்து அக்காலத்தில் வேறாக இருந்திருக்கலாம், வட்டமும் மாவட்டமும் பிரிந்திருக்கலாம் என்பதை நினைவில் வைத்துத் தேட வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்துக் கல்லைப் பழைய தொகுதிகளில் வடஆர்க்காடு என்ற தலைப்பின்கீழ்தான் காண முடியும். முன்பே பதிவானதாக இருந்தாலும் உங்கள் உழைப்பு வீணன்று. அன்று படித்தபோது எத்தனை வரி இருந்தது, இன்று எத்தனை வரி எஞ்சியிருக்கிறது என்று ஒப்பிட்டு எழுதினால் அதுவே தேவையான செய்தி.

அறிக்கை இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஊர், வட்டம், மாவட்டம், இட ஆயங்கள் (அகலாங்கு, நெட்டாங்கு), அளவுகள், நான்கு பக்கப் படங்கள், வரிவரியான பெயர்ப்பு, உங்கள் கருத்து, ஊரார் சொன்னது என்ற வரிசையில் எழுதி, மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் ஒவ்வொரு படி அனுப்புங்கள். அந்தச் சாலையில் அகலப்படுத்தும் வேலை தொடங்கியிருந்தாலோ, குறியீட்டுக் கற்கள் நடப்பட்டிருந்தாலோ அதை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதுங்கள். மற்றவை பொறுக்கும், அது பொறுக்காது. வழிபாட்டில் இல்லாத, ஆளரவமற்ற இடத்தில் நிற்கும் கல்லானால், சரியான இட ஆயங்களை முகநூலில் போடாமல் அறிக்கையில் மட்டும் கொடுங்கள், சிலைத் திருடர்களும் முகநூல் பார்ப்பவர்களே. பெயர்ப்பின் மூன்றாவது படியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, கல்லுக்குப் பூசை செய்யும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு முறை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.